படிக்காமல் கையெழுத்திட்ட நான்கு பக்கங்கள்

மர்ம நாவல் எழுதிப் பெயரெடுக்க வேண்டும் என்ற ஆசையோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டில் எனக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. யாரிடம் கேட்பது என்றுகூட அப்போது தெரியவில்லை. முதல் நாவலுக்காக நான் செலவழித்தது, அடகு வட்டியும் வழக்கறிஞர் கட்டணமும் சேர்த்து, 86,100 ரூபாய். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதாமல் கழிந்தன. பணத்தை எப்படியோ அடைத்துவிட்டேன். அந்த இரண்டரை ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

என் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். பர்கூர் சாலையில் உள்ள ஓர் எடைமேடையில் இரவுப் பணி பார்க்கிறேன். கிரானைட் கல் ஏற்றிவரும் லாரிகளும், கோடையில் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் மாங்காய் வண்டிகளும் எங்கள் மேடையில்தான் ஏறி இறங்கும். நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் வண்டி வரத்து குறைந்துவிடும். பள்ளியில் படிக்கும்போது கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக் கடையில் பழைய மாத நாவல்களைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்தவன் நான். அந்த ஆசைதான் அந்த நேரத்தில் என்னை எழுதத் தூண்டியது. குவாரியிலிருந்து கல் வெளியே போக வேண்டுமானால் கனிமத் துறையின் நடைச்சீட்டு வேண்டும். ஒரே நடைச்சீட்டை வைத்து இரண்டு லாரிகள் போகின்றன, இரண்டின் பதிவெண்ணிலும் எண்கள் அத்தனையும் ஒன்றே, தொடக்கத்தில் உள்ள மாநில எழுத்துகள் மட்டும் வேறு. இதைக் கண்டுபிடித்த எடைமேடை எழுத்தர் ஒருவர் மறுநாள் தென்பெண்ணை ஆற்றங்கரையில் பிணமாகக் கிடக்கிறார். இதுதான் கதை. முழுக்கக் கற்பனைதான் என்றாலும் அதில் வரும் ஒவ்வொரு தாளையும் முத்திரையையும் நான் கையால் தொட்டவன் என்பதால், எழுத எழுதக் கதை தானாக நகர்ந்தது. எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, வீட்டில் கணினியில் தட்டச்சு செய்து, மூன்று ஆண்டுகளில் முடித்தேன்.

நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். மூன்றிலிருந்து பதிலே இல்லை. நான்காவது இடத்திலிருந்து மூன்றே நாளில் தொலைபேசி அழைப்பு வந்தது. "சார், ஒரே மூச்சில் படித்து முடித்தோம், இந்த மாதிரிக் கதை வந்து எத்தனையோ வருடமாயிற்று" என்றார் பேசியவர். அன்று இரவு முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் வந்த மின்னஞ்சலில் 55,000 ரூபாய்க்கு ஒரு திட்டம் இருந்தது. 240 பக்கம், டெமி அளவு, 500 படிகள், அட்டை வடிவமைப்பு, நூலுக்குரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்., அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணைக்கு ஏற்பாடு, சென்னைப் புத்தகக் காட்சியில் இடம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். கையில் பணம் இல்லை. என் மனைவி ஒன்றும் பேசாமல் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். "திரும்ப வரும்தானே, என்னங்க?" என்று மட்டும் கேட்டாள். வரும் என்று சொன்னேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைப்பிரதியை மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு, உடனே ஒரு தொகையையும் சொன்னால், அவர்கள் வாசகனுக்குப் புத்தகம் விற்றுப் பிழைப்பவர்கள் அல்லர். எழுதுபவனுக்கு அச்சு வேலை விற்றுப் பிழைப்பவர்கள். அச்சுக் கூலி கொடுத்துப் புத்தகம் போடுவது குற்றமில்லை. சொந்தக் காசில் நூல் வெளியிட்ட நல்ல எழுத்தாளர்கள் தமிழில் ஏராளம். ஆனால் அதை அச்சு வேலை என்று தெரிந்து செய்ய வேண்டும், அச்சு வேலைக்கு உரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். பின்னாளில் கிருஷ்ணகிரியில் அச்சகம் நடத்தும் ஒருவரிடம் அதே புத்தகத்தைக் காட்டிக் கேட்டேன். 16 பக்கம் ஒரு ஃபாரம், 240 பக்கத்துக்கு 15 ஃபாரம், தாள், அட்டை, பைண்டிங் எல்லாம் சேர்த்து 500 படிக்கு அந்த ஆண்டு விலையில் ஏறத்தாழ 32,000 ரூபாய் ஆகியிருக்கும் என்று தாளில் எழுதிக் காட்டினார். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு என்னிடம் 3,000 ரூபாய் கணக்குக் காட்டியிருந்தார்கள். அந்த எண்ணை வழங்குவது மத்திய அரசின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. அதற்குக் கட்டணமே கிடையாது, எழுத்தாளரே தம் பெயரில் இணையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். நூலக ஆணையும் அப்படித்தான். அரசு அறிவிப்பு வரும்போது பதிப்பாளர் விண்ணப்பிப்பார், நூல் தேர்வானால் ஆணை வரும். அதை வாங்கித் தருவதாக முன்கூட்டியே உறுதி சொல்லும் அதிகாரம் எந்தப் பதிப்பாளருக்கும் இல்லை.

ஒப்பந்தம் நான்கு பக்கம், முத்திரைத்தாளில், ஆங்கிலத்தில் வந்தது. எடைமேடை அறையில், ஒரு லாரி மேடையில் நின்றிருக்க, ஓட்டுநர் சன்னலில் காத்திருக்க, நான்கு பக்கத்திலும் அடியில் கையெழுத்துப் போட்டேன். ஒரு டன் கல்லுக்கு இரண்டு முறை எடை பார்க்கும் நான், மூன்றாண்டு உழைப்பை எழுதிக் கொடுக்கும் தாளை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. நாளைக்கு அவர்கள் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் உங்களுக்கு வந்தால், கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நல்ல பதிப்பாளர் அந்த ஒரு வாரத்தில் ஓடிவிட மாட்டார்.

45 நாளில் வரும் என்ற புத்தகம் ஐந்து மாதம் கழித்து, 2020 ஜனவரியில் வந்தது. இடையில் மெய்ப்புத் திருத்தத்துக்கு என்று தனியாக 6,000 ரூபாய் வாங்கினார்கள். ஆறு பெட்டிகளில் 300 படிகள் எனக்கு வந்தன. மீதி 200 விற்பனைக்காக அவர்களிடமே இருக்கும் என்றார்கள். முதல் பெட்டியைப் பிரித்தபோது இருந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை, கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே 187ஆம் பக்கத்தைத் திறந்தேன். நான் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பியதை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றி வடிவமைத்திருந்தார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்து இருக்குமிடத்தில் தமிழ் எழுத்துதான் வந்து உட்காரும். கதையில் அந்த இரண்டு லாரிகளின் பதிவெண்களும் ஆங்கில எழுத்துகளில் தொடங்குகின்றன. அந்த எழுத்துகளின் இடத்தில் ஒரு கொம்பும் ஒரு சுழியும் அர்த்தமில்லாமல் நின்றன. எண்கள் மட்டும் சரியாக இருந்தன, இரண்டும் ஒரே எண். கொலைக்குக் காரணமான வேறுபாடு எதுவோ அது மட்டும் பக்கத்தில் இல்லை. 186 பக்கம் படித்துவிட்டு வரும் வாசகருக்கு அங்கே கதை விளங்காது. தொலைபேசியில் சொன்னேன். "இரண்டாம் பதிப்பில் சரிசெய்துவிடலாம் சார்" என்றார்கள்.

ஆகவே, அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பைப் பி.டி.எஃப். ஆக வாங்கி, முதல் எழுத்து முதல் நீங்களே படியுங்கள். தட்டச்சுப் பிரதியைப் படித்தது கணக்கில் வராது. எண்கள், ஆங்கில எழுத்துகள், வடமொழி எழுத்துகள் வரும் இடங்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மற்ற நாவலில் ஓர் எழுத்துப் போனால் வாசகர் மன்னித்துக் கடந்துவிடுவார். மர்ம நாவலில் தடயமே அந்த ஓர் எழுத்தாக இருக்கலாம்.

கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய மண்டபத்தில் வெளியீட்டு விழா நடத்தினேன். மண்டபம், தேநீர், பொன்னாடைகள், பதாகை என்று 9,500 ரூபாய் ஆயிற்று. 70 பேர் வந்தார்கள். விலை கொடுத்து வாங்கியவர்கள் 45 பேர், ஒரு படி 180 ரூபாய் வீதம் கைக்கு வந்தது 8,100 ரூபாய். மற்றவர்களுக்கு நானே கொடுத்தேன். இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது. பதிப்பகத்திலிருந்து விற்பனைக் கணக்கு வரவே இல்லை. சங்கிலியை மீட்க 22 மாதமாயிற்று, வட்டி மட்டும் 11,600 ரூபாய் கட்டினேன். அந்தக் காலத்தில் எழுத உட்கார்ந்தாலே பரணில் இருக்கும் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். என் மனைவி ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. அது எனக்கு இன்னும் சுமையாக இருந்தது.

2021 செப்டம்பரில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒருவர், விழாவில் வாங்கிய யாரோ கொடுத்த படியைப் படித்துவிட்டு என்னைத் தேடிப்பிடித்துப் பேசினார். 187ஆம் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒலி உரிமைக்கு 12,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, உரிமை உங்களிடம்தானே இருக்கிறது என்று கேட்டார். அப்போதுதான் அந்த நான்கு பக்கங்களை எடுத்தேன். அச்சு, மின்னூல், ஒலி, திரைப்படம், மொழிபெயர்ப்பு, இனி வரக்கூடிய எல்லா வடிவங்களும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் பதிப்பகத்துக்கே என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நம் நாட்டில் பதிப்புரிமைக் காலம் என்பது எழுதியவர் வாழும் காலமும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும். என் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதற்குப் பணமும் நான்தான் கொடுத்திருக்கிறேன். பதிப்பகத்தை அழைத்தபோது, ஒலி உரிமையை விடுவிக்க 15,000 ரூபாய் கேட்டார்கள்.

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 19ஆம் பிரிவை எனக்குப் படித்துக் காட்டினார். எழுத்தாளராக விரும்பும் யாரும் அந்த ஒரு பிரிவையாவது தமிழில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். என் ஒப்பந்தத்தில் இரண்டையும் விலாவாரியாக எழுதியிருந்ததால் இவை எனக்கு உதவவில்லை. ஆனால் உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, அந்த உரிமை தானாகவே காலாவதியாகிவிடும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நான்கு பக்கத்தையும் அவர் இரண்டு முறை படித்தார். அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அச்சைத் தவிர மற்ற எந்த உரிமையையும் அவர்கள் இரண்டாண்டாகத் தொட்டதும் இல்லை. ஒப்புகை அட்டையோடு பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்பினார். கட்டணம் 4,000 ரூபாய். ஏழு வாரம் கழித்து, அச்சு நீங்கலாக மற்ற உரிமைகளில் தங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதற்குள் ஒலிப்புத்தகக்காரர் வேறு கதைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் மறுபடி எழுதத் தொடங்கினேன். இந்த முறை எழுதும் முறையையே மாற்றிக்கொண்டேன். எடைமேடைப் பதிவேட்டில் வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், வெற்று எடை, மொத்த எடை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு; ஒரு கட்டம் பொய் சொன்னால் அடுத்த கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். அதே போல ஒரு நீளக் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டேன். முதல் கட்டத்தில் நாளும் நேரமும், அடுத்ததில் அந்த நேரத்தில் உண்மையில் நடந்தது, அதற்கடுத்து கொலையாளி எங்கே இருந்தான், கடைசியில் வாசகருக்கு அதுவரை எவ்வளவு தெரியும். முதல் நாவலில் இப்படி ஒன்று இருந்திருந்தால், ஓட்டுநர் ஒருவர் இரவு பத்தரைக்கு தொப்பூர் கணவாயில் நின்றுவிட்டு பதினொரு மணிக்குப் பர்கூரில் தேநீர் குடிக்கும் தவறு நடந்திருக்காது. அந்த வழியில் தினமும் லாரி ஓட்டுகிற ஒருவர்தான் அதைச் சுட்டிக்காட்டினார். நம் ஊர்ச் சாலையை நம் ஊர்க்காரர்கள் படிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

காவல் துறை நடைமுறையில் எனக்கு வழிகாட்டியவர் ஊத்தங்கரைப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற சார்பு ஆய்வாளர் ஒருவர். முன்பின் தெரியாதவர், ஒருவர் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்க் கைப்பிரதியைக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் சிவப்பு மையில் 31 இடங்களைக் குறித்துத் திருப்பித் தந்தார். மே மாதத்தில் தகரக் கொட்டகையில் கிடக்கும் உடல் மூன்றாம் நாளும் விறைத்திருப்பதாக எழுதியிருந்தேன். "தம்பி, நம்ம வெயிலில் ஒன்றரை நாளில் தளர்ந்துவிடும், மூன்றாம் நாள் மணம்தான் முதலில் சொல்லும்" என்றார். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும், ஆய்வாளர் மட்டும் தனியாக முடித்துவிட முடியாது என்றும் அவர்தான் சொன்னார். அந்த ஒரு தகவலிலிருந்து என் கதைக்குப் புதிதாக ஒரு பாத்திரமே கிடைத்தது. இப்போது எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலைக்கு 302 என்று எழுதிப் பழகிய கை இனி 103 என்று எழுத வேண்டும். குற்றம் நடந்த நாள் அந்தத் தேதிக்கு முன்னால் என்றால் பழைய பிரிவுதான். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது நாவலை 2023இல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நானே வெளியிட்டேன். பணம் கட்ட வேண்டியதில்லை. நான் சேர்ந்தபோது இருந்த விதிப்படி, 99 ரூபாய்க்குக் குறையாத விலை வைத்து, 90 நாள் வேறெங்கும் மின்னூலாகக் கொடுக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் இந்திய விற்பனையில் 70 விழுக்காடு எழுத்தாளருக்கு; இல்லையென்றால் 35. அந்த 90 நாள் தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதைக் கவனிக்காமல், தொடராக வெளியிடும் இன்னொரு செயலியிலும் கதையைப் போட்டுவிட்டு, பதறிப்போய் எடுத்தேன். பணம் மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்து வங்கிக்கு வரும். முதல் மாதம் வந்தது 312 ரூபாய். அந்தத் தொகையை மனைவியிடம் காட்டினேன். எழுத்திலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் வந்த முதல் வருமானம் அது. அடுத்த பதினொரு மாதத்தில் மொத்தம் 9,400 ரூபாய் வந்தது. அதைவிடப் பெரிதாக நான் கருதுவது, நூலின் கடைசிப் பக்கத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு 140 பேர் எழுதியதைத்தான். அந்த முகவரிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த புத்தகம் வரும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தகவல் சொல்கிறேன்.

மூன்றாவது நாவலை, ஒரு பைசா கேட்காத ஒரு பதிப்பாளர் 2025இல் வெளியிட்டார். பதில் சொல்ல நான்கு மாதம் எடுத்துக்கொண்டார், இரண்டு அத்தியாயங்களை நீக்கச் சொன்னார், சொன்னது சரியாகவே இருந்தது. ஒப்பந்தம் தமிழில் ஒன்றரைப் பக்கம். தமிழில் அச்சு உரிமை மட்டும், மூன்று ஆண்டுகள், 10 விழுக்காடு, ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு. நூலின் விலை 220 ரூபாய் என்றால் எனக்கு 22 ரூபாய். ஆயிரம் படி விற்றாலும் 22,000 ரூபாய்தான். இந்தக் கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாவல் வெளிவந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று நானே நினைத்திருந்தேன். இப்போதும் இரவு ஒன்பது மணிக்கு எடைமேடைக்குப் போகிறேன். ஆண்டுக்கு ஒரு நாவல் முடிப்பது என்று வைத்திருக்கிறேன். நான்காவதில் பன்னிரண்டு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன.

பரணிலிருந்த பெட்டிகளை இந்த ஆண்டு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது இறக்கினோம். 218 படிகள் மீதமிருந்தன, மூன்றில் செல்லரித்திருந்தது. நல்ல படிகளைப் பத்துப் பத்தாக எடைமேடைக்குக் கொண்டுபோகிறேன். வண்டி வராத நேரத்தில் 187ஆம் பக்கத்தைத் திறந்து, அந்தக் கொம்பையும் சுழியையும் ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே இரண்டு மாநிலங்களின் எழுத்துகளையும் கறுப்பு மையில் எழுதி, மை காயும் வரை புத்தகத்தை விரித்தே வைக்கிறேன். அந்த 140 பேரில் கேட்பவர்களுக்கு அஞ்சல் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புகிறேன். நேற்றோடு 90 முடிந்தது.